டெரியர்ச் சாயல் கொண்ட சிறு நாய்: கொங்கு வீடுகளுக்கான அறிமுகம்

கோயம்புத்தூரின் குடியிருப்புத் தெருக்களிலும், அன்னூர், சூலூர், பொள்ளாச்சி வட்டாரத் தோட்டங்களிலும், முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத, முகத்தில் மீசையும் தாடியுமாக மயிர் நீண்டு தொங்கும் சிறு நாய்கள் இப்போது பரவலாகக் காணப்படுகின்றன. மக்கள் இவற்றைச் சடைநாய் என்றும் குட்டை நாய் என்றும் அழைக்கின்றனர். விற்பவர்கள் 'டெரியர் கிராஸ்' என்று பெயர் சூட்டி விலை சொல்கின்றனர். அந்தப் பெயரை நம்பி வாங்கியவர்கள் நாயிடம் இல்லாத குணத்தை எதிர்பார்ப்பதும், உண்மையிலேயே டெரியர் வழியில் வந்த நாயை வைத்திருப்பவர்கள் அதன் இயல்பான தோண்டலையும் துரத்தலையும் அடங்காமை என்று எண்ணி அடிப்பதும் அடிக்கடி நிகழ்கின்றன. நாயின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், அதன் செயலைப் பார்த்து அதை அறிந்துகொள்ளும் வழியை இந்த இயல் விளக்குகிறது.

டெரியர் என்பது ஒரே ஓர் இனத்தைக் குறிக்கும் பெயர் அன்று. மண்ணுக்குள் வளை அமைத்து வாழும் எலி, நரி முதலிய விலங்குகளைத் தேடிப் பிடிக்கவும் வளையிலிருந்து வெளியேற்றவும் பிரிட்டனின் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட பல நாய் இனங்களின் தொகுப்புப் பெயர். டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்னும் பாதிரியாரின் பெயரால் வழங்கும் ஜாக் ரஸ்ஸல் டெரியரும், 1876இல் தனக்கென ஒரு சங்கம் கண்ட ஃபாக்ஸ் டெரியரும் இத்தொகுப்பைச் சேர்ந்தவை. வளைக்குள் நுழைந்த நாய்க்கு அங்கே ஆணையிட உரிமையாளர் இருக்க மாட்டார். அது தானே முடிவெடுக்க வேண்டும், எதிரி கடித்தாலும் பின்வாங்காமல் நிற்க வேண்டும், தான் இருக்கும் இடத்தை மேலே நிற்பவருக்குக் குரைத்து அறிவிக்க வேண்டும். இத்தகைய நாய்களையே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததால், சொன்னவுடன் கேளாமை, ஓயாத குரைப்பு, மண்ணைக் கண்டால் தோண்டுதல் என்று இன்று குறைகளாகச் சொல்லப்படும் அனைத்தும் அந்தத் தொழிலுக்கான தகுதிகளாக உருவாயின.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டு நாய்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றுள் இத்தகைய குட்டை உருவம் கொண்டது எதுவும் இல்லை. அவை திறந்த வெளியில் ஓடி வேட்டையாடவும் காவல் காக்கவும் பயன்பட்ட உயரமான நாய்கள். ஆகவே கொங்குத் தெருவில் நிற்கும் சிறிய சடைநாயின் உடலில் வெளியிலிருந்து வந்த இரத்தம் கலந்திருப்பதை ஏறத்தாழ உறுதியாகக் கொள்ளலாம். அந்த இரத்தம் எது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர்.

மீசை சொல்வதும் சொல்லாததும்

இந்த வட்டாரத்தில் செல்லப் பிராணிகளாகப் பரவிய சிறு நாய்களுள் ஸ்பிட்ஸ், லாசா ஆப்சோ, ஷிட்சூ ஆகியவையே மிகுதி. ஃபாக்ஸ் டெரியர், ஜாக் ரஸ்ஸல் முதலிய உண்மையான டெரியர்கள் குறைவு. லாசா ஆப்சோ ஆங்கிலேயர் காலத்தில் 'லாசா டெரியர்' என்றே அழைக்கப்பட்டது. 1935இல் அதை ஏற்றுக்கொண்ட அமெரிக்க கென்னல் கிளப் முதலில் டெரியர்ப் பிரிவில் வைத்துப் பின்னரே வேறு பிரிவுக்கு மாற்றியது. திபெத்திய மடங்களிலும் வீடுகளிலும் வாழ்ந்து, அந்நியர் வருகையைக் குரைத்து அறிவித்துவந்த அந்த நாய்க்கும் வளையில் இறங்கி எலி பிடிக்கும் நாய்க்கும் தொழில் வகையில் உறவு இல்லை. இருந்தும், முக மயிர் ஒன்றைக் கொண்டு இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் நிலைத்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கான காரணத்தை மரபணு ஆய்வு தெளிவாக்கியிருக்கிறது. நாய்களின் மயிர் வேறுபாடுகளுள் பெரும்பகுதிக்கு மூன்று மரபணுக்களே காரணம் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. மீசை, தாடி, புருவ மயிர் ஆகிய முகச்சடையைத் தருவது அவற்றுள் ஒன்று. அது ஓங்குப் பண்பாக இயங்குகிறது. அதாவது, தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு கிடைத்தாலே குட்டியின் முகத்தில் மீசை வெளிப்பட்டுவிடும். நீண்ட மயிருக்கான மரபணுவோ ஒடுங்குப் பண்பு. இருவரிடமிருந்தும் கிடைத்தால்தான் அது வெளிப்படும். வளைந்த குட்டைக் கால்களுக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றமும் 2009இலேயே கண்டறியப்பட்டது; உடல் சிறுத்துப்போவதில் பெரும்பங்கு வகிக்கும் மற்றொரு மரபணு அதற்கு முன்பே, 2007இல், அடையாளம் காணப்பட்டிருந்தது. இவ்வளவு சில மரபணுக்களே உருவத்தைத் தீர்மானிப்பதால், பாட்டன் காலத்தில் ஒருமுறை கலந்த ஷிட்சூவின் மீசை பேரனிடம் தோன்றலாம். மற்ற எல்லாவற்றிலும் அந்தப் பேரன் தெரு நாயாகவே இருக்கலாம்.

குணத்தைப் பொறுத்தவரை இனப்பெயரின் பயன் இன்னும் குறைவு. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தனித்தனி நாய்களுக்கிடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று கண்டது. இனத்தோடு ஓரளவு நெருங்கிய தொடர்பு காட்டிய பண்பு, மனிதரின் சொல்லுக்கு இணங்கும் தன்மை. இதிலிருந்து இனத்துக்குப் பொருளே இல்லை என்று முடிவு செய்வதும் பிழை. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஐந்து இனங்களை ஒரே சூழலில் வளர்த்து, அவற்றின் நடத்தையை ஒப்பிட்டு 1965இல் நூலாக வெளியிட்ட ஸ்காட், ஃபுல்லர் ஆகிய ஆய்வாளர்கள், ஃபாக்ஸ் டெரியர்க் குட்டிகள் பல சேர்ந்து ஒன்றைத் தாக்கியதால் அவற்றின் குழுக்களைப் பிரித்து வைக்க நேர்ந்ததைப் பதிவு செய்திருக்கின்றனர். ஆகவே டெரியர்க் குணம் என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட கலப்பு நாயிடம் அது வந்திருக்கிறதா என்பதை அந்த நாயைக் கவனித்துத்தான் சொல்ல முடியும்.

கவனிக்கும் முறை

முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். டெரியர் வழி வந்த நாய்க்கு முகவாய் நீண்டு, தாடை உறுதியாக, பற்கள் பெரியவையாக இருக்கும். ஷிட்சூ வழி வந்ததற்கு மூக்கு உள்ளடங்கி, கண்கள் பிதுங்கியவை போலத் தோன்றும். இது அழகைப் பற்றிய செய்தி அன்று. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சிரைப்பின் வழியாகவே வெளியேற்றுகிறது. மூக்கு சப்பையாக இருந்தால் அந்த வழி குறுகிவிடுகிறது. மாசி முடிந்து பங்குனி, சித்திரை வெயில் ஏறும்போது நீண்ட மூக்குடைய நாய் நிழலும் நீரும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். சப்பை மூக்கு நாய் அதே வெயிலில் உயிரிழக்கக்கூடும். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சில வெளிநாட்டு இனங்களை இம்மாநிலத்தின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவையாகக் கொண்டு அவற்றின் இனப்பெருக்கத்தைத் தடை செய்ததும் இத்தகைய துன்பத்தைக் கருதியே.

அடுத்து நாயின் வேட்டைத் தொடரைக் கவனிக்க வேண்டும். தேடுதல், உற்றுநோக்குதல், துரத்துதல், கவ்வுதல், உதறிக் கொல்லுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் செயல்களின் வரிசையே வேட்டைத் தொடர். ஆடு மேய்க்கும் நாய்களிடம் இந்த வரிசை துரத்துதலோடு நின்றுவிடுமாறு தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நடந்திருக்கிறது. டெரியர்களிடம் அது இறுதிவரை செல்கிறது. பழைய துணியை முடிச்சிட்டுக் கொடுத்தால், டெரியர்க் குணமுள்ள நாய் அதைக் கவ்விய உடனே தலையை இடவலமாக வேகமாக உதறும். அது எலியின் கழுத்தை முறிக்கும் அசைவு. வரப்பிலோ கட்டுத்தறி ஓரத்திலோ பெருச்சாளி வளையைக் கண்டால், மற்ற நாய்கள் முகர்ந்துவிட்டு நகரும். இதுவோ காதை முன்னே நீட்டி, தலையைச் சாய்த்து, மண்ணுக்குள் ஒலியைக் கேட்டு, பிறகு முன்கால்களால் தோண்டத் தொடங்கும். பெயர் சொல்லி அழைத்தால் அதன் காதில் விழாது. வேண்டுமென்றே அது கேளாமல் இருப்பதாக எண்ணி அப்போது அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. தோண்டுவது நிற்காது, அடிப்பவர் அருகில் வந்தால் விலகி ஓடும் பழக்கம் மட்டும் வளரும்.

மூன்றாவதாக, பிற நாய்களிடம் அது நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும். தன்னைவிடப் பெரிய நாயிடம் வாலை உயர்த்திக்கொண்டு விறைத்து நிற்பதும், சண்டை தொடங்கிவிட்டால் விட்டுவிலகாததும் டெரியர்க் குணத்தின் அறிகுறிகள்; எட்டுக் கிலோ எடையுள்ள நாய் இருபது கிலோ எடையுள்ள தெரு நாயை எதிர்த்தால் முடிவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. தெருவில் நடத்திச் செல்லும்போது கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டையைப் பயன்படுத்துவதும், கயிறு குட்டையாக இருப்பதும் நல்லது. குட்டி மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் வரையுள்ள காலத்தில் பழகிய உயிர்களையே பிற்காலத்தில் இயல்பாக ஏற்கும் என்பதால், கோழி, ஆடு, பூனை, குழந்தை, தறி ஓசை ஆகிய எல்லாவற்றையும் அந்தப் பருவத்திலேயே அமைதியாக அறிமுகப்படுத்திவிட வேண்டும். சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடுகளில் பிறந்த குட்டிகள் அந்த ஓசையில் நிம்மதியாகத் தூங்குவதையும், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட வளர்ந்த நாய் அதே ஓசையில் நடுங்குவதையும் காணலாம்.

தோட்டத்தில்

டெரியர்க் குணமுள்ள சிறு நாய் தோட்டத்துச் சாளைக்கு மிகவும் ஏற்றது. தேங்காய்க் குடோனிலும் தீவன அறையிலும் எலிகளை அது பூனையைவிட ஊக்கமாகத் தேடும். ஆனால் கொங்கு நாட்டுத் தோட்டத்தின் அமைப்பே அதற்குச் சில தனித்த ஆபத்துகளை வைத்திருக்கிறது; இவற்றைப் பற்றி நகரத்து நாய் நூல்கள் பேசுவதில்லை.

முதலாவது கிணறு. பாறையை வெட்டி ஆழமாகத் தோண்டிய திறந்த கிணறுகள் இவ்வட்டாரத்தில் ஏராளம். பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, இருந்தாலும் உயரம் போதாது. ஓணானையோ அணிலையோ துரத்தும் நாய் தரையைப் பார்ப்பதில்லை. நாயை அவிழ்த்துவிடும் முன் கிணற்றின் விளிம்பில் கம்பி வலையோ முள்வேலியோ அமைப்பதே ஒரே பாதுகாப்பு.

இரண்டாவது பாம்பு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எலி வளைக்குள் மூக்கை நுழைக்கும் நாய்க்கு முகத்திலேயே கடி விழும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம், கட்டு விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான ஒரே கூட்டு மருந்துதான் மனிதர்களுக்கும் நாய்களுக்கும் பயன்படுகிறது. கடித்த பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு நாயின் எடையைப் பொறுத்துக் குறைவதில்லை என்பதால், சிறிய உடலில் அது விரைவாக வேலை செய்கிறது. முகம் திடீரென வீங்கினாலோ, நாய் தள்ளாடினாலோ, எச்சில் ஒழுகினாலோ, கடிவாயைக் கீறுவதிலும் இறுகக் கட்டுவதிலும் நேரத்தை வீணாக்காமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். மருந்து இருப்பு உள்ள மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு எழுதிவைத்திருப்பது இங்கு மிகவும் உதவும்.

மூன்றாவது ஆபத்தை மனிதரே வைக்கின்றனர். எலி பிடிக்கும் நாய் இருக்கும் தோட்டத்தில் எலி மருந்து வைக்கவே கூடாது. இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தை நேரடியாகத் தின்றாலும், அந்த மருந்தைத் தின்ற எலிகளைத் தொடர்ந்து தின்றாலும், நாய் சில நாள்கள் வரை நலமாகவே தோன்றும். பின்பு ஈறு வெளுத்து, சோர்ந்து, மூச்சுத்திணறும். தொடக்கத்திலேயே தெரிந்தால் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். துத்தநாக பாஸ்பைடு வகைக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. நாய் வாந்தி எடுத்தால் அதிலிருந்து எழும் வாயு அருகில் இருப்பவருக்கும் கேடு என்பதால் காற்றோட்டமான இடத்தில் வைத்தே அதைக் கையாள வேண்டும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை அதே கலவையில் நாய்க்கும் பூசுவது இதற்கு இணையான தவறு. எருமைக்கும் மாட்டுக்கும் கணக்கிட்ட அளவு எட்டுக் கிலோ உடலுக்கு நஞ்சாகிவிடும்.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில், முகச்சடை நாய்க்கு வேறொரு தொல்லை உண்டு. கொழுக்கட்டைப் புல்லின் முட்கதிரும், ஊசிப்புல்லின் கூரிய விதையும் தாடியிலும் காதிலும் விரலிடுக்கிலும் சிக்கி, தோலைத் துளைத்துச் சீழ் வைக்கும். மாலையில் நாயை மடியில் போட்டு விரல்களால் தடவிப் பார்ப்பது அங்கு அன்றாடப் பணியாக இருக்க வேண்டும். மேலும், வெள்ளகோவில், காங்கேயம் பகுதிகளில் தெரு நாய்க் கூட்டங்கள் பட்டி ஆடுகளைக் கடித்துக் கொன்று விவசாயிகளுக்குப் பேரிழப்பு ஏற்படுத்திவருவதை யாவரும் அறிவர். வீட்டு நாய் சிறியது என்பதால் அது ஆட்டை என்ன செய்துவிடும் என்று நினைக்கக் கூடாது. துரத்தும் குணமுள்ள சிறு நாய் இரவில் கூட்டத்தோடு சேர்ந்தால் முன்னே ஓடுவது அதுவாகவும் இருக்கலாம். இரவில் அடைத்துவைப்பது நாய்க்கும் நல்லது, பக்கத்துத் தோட்டத்தாருக்கும் நல்லது. தடாகம், மருதமலை, ஆனைமலை அடிவாரங்களில் சிறுத்தை நாயைத் தூக்கிச் செல்வது புதிதன்று. அங்கே நாயை இரவில் வெளியே கட்டிவைப்பது அதை இரையாக வைப்பதாகும்.

நகரத்து வீட்டில்

ஆர்.எஸ்.புரத்திலோ பீளமேட்டிலோ அடுக்ககத்தில் வாழும் டெரியர்க் கலப்புக்கு வேலை இல்லாமையே நோய். மணல் நிரப்பிய தொட்டி ஒன்றில் தின்பண்டத்தைப் புதைத்துத் தோண்ட விடுவது, சிறு தொகுதி உணவை வீட்டின் மூலைகளில் ஒளித்துத் தேட விடுவது, ஐந்து நிமிடம் மட்டும் பயிற்சி தந்து உடனே நிறுத்துவது ஆகியவை நீண்ட நடையைவிட அதைக் களைப்பாக்கும். நோம்பி நாள்களில் எழும் பறை ஒலியும் தீபாவளி வெடியும் அச்சம் தருமானால், உள்ளறையில் விளக்கும் மின்விசிறியும் இட்டு அருகில் ஒருவர் இருப்பது போதும்.

உடலும் உணவும்

ஐந்து முதல் பத்துக் கிலோ வரை எடையுள்ள நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் குறை அதிகம். ஓடும்போது திடீரென ஒரு பின்காலைத் தூக்கிச் சில அடி தாவிவிட்டு மீண்டும் நான்கு காலில் ஓடினால், அது விளையாட்டு அன்று. மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. பால்பற்கள் 28உம் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்க வேண்டும். சிறு நாய்களிடம் பால்பல் விழாமலே புதுப்பல் அருகில் முளைத்து இரண்டும் நெருக்குவது உண்டு. உண்மையான டெரியர் இரத்தம் உள்ளவற்றுக்குக் கண்வில்லை இடம் பெயரும் பரம்பரைக் குறையும் வரக்கூடும். கண் சிவந்து, நாய் அதைக் கூசி மூடினால் அன்றே காட்டுவது பார்வையைக் காக்கும்.

உண்ணி இவ்வட்டாரத்தின் ஆண்டு முழுவதுமான பகைவன். நாய் மேல் தெரிவது அதன் சிறு பகுதியே. முட்டையும் குஞ்சும் சுவர் விரிசலிலும் தரை இடுக்கிலும் இருப்பதால், வீட்டையும் சேர்த்துத் தூய்மை செய்யாமல் நாயை மட்டும் குளிப்பாட்டுவது பயன் தராது. அது பரப்பும் எர்லிக்கியா, பபேசியா ஆகிய நோய்க்கிருமிகளால் காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் இரத்தம் முதலியன தோன்றும். நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்யாமல் வெப்பமானியைப் பயன்படுத்த வேண்டும். எலி வேட்டையாடும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பு அடங்கிய கூட்டுத் தடுப்பூசியும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் கூறும் இடைவெளியில் மறுஊசியும், பின் ஆண்டுதோறும் ஊசியும் தவறக் கூடாது. நாய் யாரையேனும் கடித்தால், ஊசி போட்ட நாய்தானே என்று விடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கம்பஞ்சோறும் ராகிக் களியும் தயிரும் நாய்க்குத் தீங்கில்லை. அவற்றை மட்டுமே கொடுத்தால் புரதம் போதாது, முட்டையோ இறைச்சியோ உடன் வேண்டும். சின்ன வெங்காயம் இட்ட சாம்பார் சோற்றைத் தவிர்க்க வேண்டும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தொண்டாமுத்தூர், மாதம்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தார் உதிர்ந்த பழங்களை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை மிகக் குறைந்த அளவிலேயே செயலிழக்கச் செய்கின்றன. வேகவைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குட்டியைப் பெறும்போது

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடை செய்கின்றன. இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. நாற்பது நாள் குட்டியைப் பெட்டியில் வைத்துச் சாலையோரம் விற்பவரிடம் வாங்குவது, தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடியின் அளவைக் கற்கும் பருவத்தை அதனிடமிருந்து பறிப்பதாகும். டெரியர்க் கலப்பில் இந்த இழப்பு பின்னாளில் கையைக் கவ்வும் பழக்கமாக வெளிப்படும். கூடுமானால் தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். தாய் அந்நியரைக் கண்டு பதுங்கி உறுமுமானால், அங்கே குட்டி எடுப்பதைத் தவிர்ப்பது அறிவுடைமை. பிட்புல் டெரியர் கலந்தது என்று பெருமை பேசி விற்கப்படும் குட்டி இந்த இயலில் பேசப்படும் வகையைச் சேர்ந்தது அன்று; புல்டாக்கோடு கலந்து உருவான அவ்வினங்கள் உடல் வலிமையிலும் பொறுப்பிலும் வேறு வகையின.

வளர்ந்த நாயைத் தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ எடுப்பவர் முதல் இரண்டு, மூன்று மாதங்களில் அதன் நடத்தையைச் சிறு ஏட்டில் குறித்துவைத்தல் நலம். எதைக் கண்டு ஓடுகிறது, எப்போது குரைக்கிறது, எந்தக் காலைத் தூக்குகிறது, என்ன தின்ற பின் வயிறு கெட்டது என்ற குறிப்புகள் கால்நடை மருத்துவருக்கு இனப்பெயரைவிடப் பலமடங்கு உதவும். அருகிலுள்ள மருத்துவரால் தீர்மானிக்க இயலாத கண், எலும்பு, இரத்தக் கோளாறுகளுக்கு நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியையும், உடுமலைப்பேட்டையில் 2020இல் தொடங்கப்பட்ட கல்லூரியையும் அணுகலாம். செல்லும்போது அந்த ஏட்டையும் தடுப்பூசி அட்டையையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.